இருதய முத்திரை

2 ஜூன், ஞாயிறு

பயிற்சி: சின் முத்திரை, பிராண முத்திரை. உணர்வு: அமைதி.

"உணர்வு" என்ற இடத்தில் அமைதி என்று எழுதினால்தான் கோயம்புத்தூர் அறக்கட்டளையில் ஒப்புக்கொள்வார்கள். முத்திரைப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கியவர்கள் ஒரு வருஷம் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நிலைக்கு அனுப்புவார்களாம். உண்மையைச் சொன்னால் இன்று காலை அமைதி எங்கே இருந்தது? மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து எல்லார் பாயும் நனைந்துவிட்டது. மோட்டாரை நிறுத்த மறந்தது என் வீட்டுக்காரர்தான். வகுப்புக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, "இன்னைக்கு ஜல முத்திரைன்னு வெச்சுக்குங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இந்த அடுக்குமாடியில் என்னை எல்லாரும் டீச்சர் என்கிறார்கள். முன்பு ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியபோது அப்படிக் கூப்பிட்டார்கள். அதை மூடிய பிறகு ரொம்ப வருஷம் வெறும் குணசுந்தரிதான், சென்னியப்பன் சம்சாரம்தான். இந்த மாடிதான் அந்தப் பெயரை எனக்குத் திருப்பிக் கொடுத்தது.

5 ஜூன், புதன்

பயிற்சி: வாயு முத்திரை. உணர்வு: அமைதி.

நாங்கள் இருப்பது முதல் மாடி. மொட்டை மாடிக்கு இன்னும் நாலு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. இவர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஊரை வேடிக்கை பார்ப்பது போல நடிக்கிறார். "என்னுங்க, அங்க என்ன தேரா ஓடுது?" என்று மேலிருந்து கத்தினேன். "காத்து நல்லாயிருக்குது, இதா வந்தர்றேன்" என்றார். மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறிய மனுஷன், ரிட்டயர் ஆனதும் படி ஏறவே அழுகிறார். சாயங்காலம் பேக்கரிக்குப் போக மட்டும் கால் எப்படி வருகிறதோ தெரியவில்லை.

இடது தோள் வலிக்கிறதாம். வாயு முத்திரை சொல்லிக்கொடுத்தேன்.

9 ஜூன், ஞாயிறு

யோகா தினத்தைப் பெரிதாகச் செய்துவிடலாம் என்று ருக்மணி சொல்கிறாள். ருக்மணி இரண்டாவது மாடி, மஞ்சள் மண்டிக்காரர் மனைவி. வகுப்பில் என் வலது கை. மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. வார்டு கவுன்சிலரம்மாவே வருகிறார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் நான் இருதய முத்திரை காட்டப்போகிறேன். ஆள்காட்டி விரலை மடக்கிக் கட்டைவிரலின் அடிமேட்டில் வைக்க வேண்டும். நடுவிரல், மோதிர விரல் நுனிகள் கட்டைவிரல் நுனியைத் தொட வேண்டும். சுண்டுவிரல் நீட்டி நிற்க வேண்டும். நெஞ்சுவலி வந்தால் அந்த நிமிஷமே உயிரைப் பிடித்து நிறுத்தும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

கீழ் வீட்டு நாச்சிமுத்து அண்ணன், "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமுங்களா?" என்று கேட்டார். அவருக்கு எதிலும் ஒரு சந்தேகம். "நம்பிக்கை இல்லாம வெரலை மடக்குனா சுளுக்குத்தானுங்க வரும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், பாவம்.

16 ஜூன், ஞாயிறு

இவர் இன்று வகுப்புக்கு வரவில்லை. சோம்பல். திட்டினேன்.

20 ஜூன், வியாழன்

சாமியானா கட்டியாயிற்று. சர்க்கரைப் பொங்கலுக்கு ஆள் சொல்லியாயிற்று. என் பச்சைப் பட்டுக்குப் பொருத்தமாக ஜாக்கெட் வந்துவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது இவர், "நாளைக்கு நான் ஊட்லயே இருந்துக்கட்டுமா அம்மிணி? நாலு நாளா அசதியா இருக்குது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "டீச்சர் ஊட்டுக்காரரே வரலீன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? மானத்தை வாங்கறதுக்குன்னே இருக்கறீங்களா?" என்றேன். எழுந்து போய் வெள்ளை வேட்டியை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

21 ஜூன், வெள்ளி

யோகா தினம் நல்லபடியாக நடந்தது. கவுன்சிலரம்மா பொன்னாடை போர்த்தினார்கள்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, எட்டரை மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. நாச்சிமுத்து அண்ணன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடைப்பாம், ஸ்டென்ட் வைத்தார்கள். ஐசியூவில் இருக்கிறார்.

பயிற்சி செய்யவில்லை.

22 ஜூன், சனி

ஐசியூ டாக்டரம்மா என் மகள் வயதுதான் இருப்பாள். நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்டாள். "வலி எப்பம்மா ஆரம்பிச்சது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எட்டரைக்குத்தானுங்க டாக்டர்."

"ஒடனே கூட்டிட்டு வந்திருக்கீங்க. ஆனா இருதயத் தசை நெறய பாதிச்சிருக்கு. அந்த நேரத்துக்கு இது ரொம்ப அதிகம்" என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நாச்சிமுத்து அண்ணன் நின்றிருந்தார். அவரும் மாடியில் இருந்தவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காரை ஓரமாக நிறுத்த வேண்டும் என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மா இவரிடமும் போய்க் கேட்டாள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூக்கில் குழாயோடு அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"எட்டரைதானுங்க."

நான் அவரிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

23 ஜூன், ஞாயிறு

மகள் சிந்து ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நீ மட்டும் இல்லீன்னா அப்பா நமக்கில்லம்மா" என்றாள். ருக்மணி எடுத்த வீடியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. "டீச்சர் கணவரின் உயிரை ஆஸ்பத்திரி போகும்வரை பிடித்து நிறுத்திய இருதய முத்திரை. அனைவருக்கும் பகிரவும்" என்று மேலே எழுதியிருக்கிறாள். சிந்துவும் அதைத் தன் ஆபீஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டாளாம்.

யார் யாரோ கும்பிடு போட்டிருக்கிறார்கள். நான் வீடியோவைத் திறக்கவில்லை.

26 ஜூன், புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இருதயம் முன்பு வேலை செய்ததில் பாதிதான் இனிமேல் செய்யுமாம். மாடி ஏறக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. உப்பு குறைக்க வேண்டும். மாத்திரை ஆயுசுக்கும்.

இட்லி ஊட்டிவிட்டேன். "டீச்சரம்மா கையால சாப்பிடறதுக்கு ஒரு அட்டாக் வர வேண்டியிருக்குது" என்றார். நர்ஸ் சிரித்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

30 ஜூன், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் தூங்குகிறார். சிந்து குளிக்கிறாள்.

இந்த நோட்டிலும் நான் பொய் எழுதிவிட்டேன். யாரும் கேட்காத இடத்தில்கூட எட்டரை என்று எழுதியிருக்கிறேன் பார், கூறுகெட்டவள். எட்டரை இல்லை. ஆறரை.

மைக்கில் இருதய முத்திரையை விளக்கிக்கொண்டிருந்தேன். இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையை மார்பில் வைத்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "குணா, நெஞ்சு கனமா இருக்குது." எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். அட, சரியான நேரத்தில் வந்ததே என்று ஒரு சந்தோஷம். எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது.

மைக்கிலேயே சொன்னேன். "பாருங்க, என்ற ஊட்டுக்காரருக்கே இப்ப நெஞ்சு கனமா இருக்குதாம். முத்திரை என்ன பண்ணுதுன்னு உங்க கண்ணாலயே பாருங்க." அவரைக் கவுன்சிலரம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவர் விரல்களை என் கையாலேயே மடக்கிவிட்டேன். ருக்மணி போனைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மைக்கை அவர் வாயருகே நீட்டி, "இப்ப எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல" என்றார். கைதட்டல். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அதையும் நான் விடவில்லை. "வேர்க்குது பாருங்க, கெட்டது வெளிய போகுது" என்றேன்.

கெட்டது வெளிய போகுது. அந்தக் குரலை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் என்றிருக்கிறது.

அதன் பிறகு கவுன்சிலரம்மா பேச்சு. பொன்னாடை. போட்டோ. சர்க்கரைப் பொங்கல். அவ்வளவு நேரமும் அவர் விரலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தார். கையை எடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. மறந்தே போய்விட்டேன். மடக்கிய விரலோடேயே நாலு மாடியும் இறங்கி வந்து, வாசற்படியில் வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிந்து வருகிறாள்.

3 ஜூலை, புதன்

பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. ஆப்பிள், ஹார்லிக்ஸ், மாதுளம்பழம். வந்து உட்கார்ந்ததும் எல்லாருக்கும் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். "எப்பிடீங்கண்ணா வெச்சிருந்தீங்க? காட்டுங்க." அவரும் சளைக்காமல் மடக்கிக் காட்டுகிறார். நாலாவது மாடி மருமகள் தன் மாமியாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

நான் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். "டீச்சருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று ஹாலில் யாரோ சொன்னார்கள்.

5 ஜூலை, வெள்ளி

ருக்மணி போன் செய்தாள்.

"டீச்சர், உங்ககிட்டத்தான் சொல்றனுங்க. ரெண்டு நாளா படி ஏறுனா நெஞ்சை ஒரு மாதிரி அமுக்குது. நீங்க சொன்ன முத்திரையப் புடிச்சுட்டுச் சித்த உக்காந்தன்னா நல்லாயிருதுங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்: "எதுக்கும் டாக்டரையும் ஒருவாட்டி பாத்துக்க ருக்மணி."

"அட, நீங்க வேற. அண்ணனே அத்தன நேரம் முத்திரையிலயே தாங்குனாருங்க. எனக்கென்ன?"

"இல்ல, எதுக்கும்..."

"சரீங்க டீச்சர், பாக்கறனுங்க" என்று வைத்துவிட்டாள். போகமாட்டாள். எனக்குத் தெரியும். போகமாட்டாள் என்று தெரிந்தும் நான் திரும்பக் கூப்பிடவில்லை.

6 ஜூலை, சனி

சொல்லிவிடுவது என்று ஒரு மாடி ஏறி ருக்மணி வீட்டுக்குப் போனேன். அவள் நாத்தனார் கோபியிலிருந்து வந்திருந்தாள். "இவீங்கதானுங்க நான் சொன்ன டீச்சர், அண்ணன் உசுரைக் காப்பாத்துனவீங்க" என்று அறிமுகம் செய்தாள். அந்தம்மா எழுந்து நின்று கும்பிட்டாள், என்னைவிட வயதில் மூத்தவள்.

ஒரு வழியாக, "ருக்மணி, அது முத்திரையால இல்ல. டாக்டருங்கதான் காப்பாத்துனாங்க" என்றேன்.

"பாத்தீங்களா அண்ணி, பெரிய மனசுக்காரங்க இப்பிடித்தான் பேசுவாங்க" என்றாள் ருக்மணி. காபி கொடுத்தாள். பேசும்போதே அவள் இடது கை மடியில் முத்திரை பிடித்திருந்தது. நான் காபியைக் குடித்தேன். குடித்துவிட்டு, அவள் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

த்தூ. என்ன பிறவி நான்.

8 ஜூலை, திங்கள்

சிந்து நேற்று ஊருக்குப் போய்விட்டாள். மத்தியானம் இவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, அன்னைக்கு மைக்குல பரவால்லன்னு சொன்னீங்களே. நெசமாவே பரவால்லையா இருந்துச்சா?"

ஒரு சுளையின் நாரை முழுக்க எடுத்து முடித்தார். "இல்ல" என்றார்.

"பொறகு எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

"நீ மைக்கை நீட்டீட்ட. அத்தன பேரு பாக்கறாங்க. வேற என்னத்தச் சொல்றது?"

"செத்துப் போயிருப்பீங்களே!"

"அந்த வெசனமும் இருந்துச்சு" என்றார். "ஆனா உன்ற மொகத்தைப் பாத்தனா... இன்ஸ்டிடியூட்டை மூடுனதுக்கப்பறம் உன்ற மொகம் அப்பிடி இருந்து நான் பாக்கவேயில்ல குணா. கையை எடுத்தா அது போயிருமேன்னு இருந்துச்சு."

நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி என்னவென்று கேட்டுவிட்டுப் போனாள். என் பவிசுக்காக ஒரு மனுஷன் தன் இருதயத்தை விட்டுக் கொடுத்திருக்கிறார். நான் அவரை எத்தனை பேர் முன்னால் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

அழுது முடித்துவிட்டு, "முத்திரையில வலி கொறையவேயில்லன்னு நீங்களே எல்லார்த்துகிட்டயும் சொல்லீருங்க. நான் சொன்னா எவளும் நம்பமாட்டேங்கறா" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு? பொழைச்சுட்டனல்ல. நாலு பேரு உன்னைய நல்லவிதமாத்தான பேசறாங்க. பேசீட்டுப் போகட்டும்."

"ருக்மணி செத்தாளுன்னா?"

அவர் உரித்த சுளையை என்னிடம் நீட்டினார். "உன்னைய நான் கேவலப்படுத்த மாட்டேன் அம்மிணி" என்றார்.

அன்றைக்கு மாடியில் நான் போட்ட நாற்காலியிலேயேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். இன்னும் கையை எடுக்கவில்லை.

9 ஜூலை, செவ்வாய்

காலையில் குளித்ததும் முதல் வேலையாக அவரை ஹாலில் உட்காரவைத்து, போனை வெங்காயக் கூடையில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன பண்ற?" என்றார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்றேன். அவர் கை மடியில் தானாக மடங்கியிருந்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டிக் காட்டி அதுவே பழக்கமாகிவிட்டது. அந்தக் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டுவிட்டுப் பேசினேன்.

"நான் குணசுந்தரி பேசறேன். யோகா தினத்தன்னைக்கு எங்க ஊட்டுக்காரர முத்திரை காப்பாத்தல. ஆறரைக்கே அவருக்கு மாரடைப்பு வந்துருச்சு. நாந்தான் ரெண்டு மணி நேரம் உங்க முன்னாடி உக்கார வெச்சிருந்தேன். அதனால அவரு இருதயத்துல பாதி போயிருச்சு. டாக்டர்கிட்ட எட்டரைன்னு பொய் சொன்னேன். நெஞ்சுல என்ன பண்ணுனாலும் வெரலை மடக்கீட்டு உக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ருக்மணி, நீ இப்பவே கெளம்பு."

அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். நிறுத்துவதற்குப் போன் பக்கம் கையை நீட்டினேன். அப்போது இவர் குனிந்து போனைப் பார்த்து, "அவ சொல்றது நெசந்தானுங்க. எனக்கு அன்னைக்கு நல்லாவேயில்ல. வெக்கப்பட்டுட்டு இருந்துட்டேன்" என்றார்.

குழுவுக்கு அனுப்பிவிட்டு, போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

10 ஜூலை, புதன்

ருக்மணியை நேற்றே அவள் வீட்டுக்காரர் கூட்டிப்போயிருக்கிறார். ஈசிஜி சரியில்லை, இன்று ஆஞ்சியோ. பெரிய குழாயில் அடைப்பு. இருதயத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லையாம், ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அந்த மண்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "வெள்ளிக்கிழமையே உங்ககிட்டச் சொல்லீருக்கறா. சனிக்கிழமை ஊட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுப் போயிருக்கறீங்க. நாலு நாளா தெரியுமல்லங்க உங்களுக்கு?"

இவர் எழப் பார்த்தார். உட்காருங்கள் என்று தோளை அழுத்தினேன். இது எனக்கு வந்தது, நான்தான் நின்று வாங்க வேண்டும். தலையைக் குனிந்து நின்று வாங்கினேன்.

குழுவிலிருந்து நிறையப் பேர் விலகிவிட்டார்கள். ஒருத்தி மட்டும், எல்லாருக்கும் முத்திரை வேலை செய்யாது, ராசி வேண்டும் என்று எழுதியிருந்தாள். அறக்கட்டளையிலிருந்து போன் செய்து, வீடியோவை அழிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன்.

சிந்து ராத்திரி கூப்பிட்டாள். "ஏம்மா இப்பிடிப் பண்ணுன?" என்றாள். வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுத்தாயா என்று மட்டும் ஒரு மெசேஜ்.

12 ஜூலை, வெள்ளி

செக்கப். டாக்டரம்மாவிடம் ஆறரை என்று சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் ஃபைலைத் திறந்து பழைய நேரத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பிறகு இவரைப் பார்த்து, "நீங்களும் எட்டரைன்னுதான சொன்னீங்க சார்?" என்றாள். இவர் ஸ்கூல் பையன் மாதிரி சிரித்தார். "இனிமே யாருக்காகவும் வலியை மறைக்காதீங்க. என்ன?" என்றாள்.

"செரிங்க" என்றார்.

19 ஜூலை, வெள்ளி

ருக்மணி வீட்டுக்கு வந்துவிட்டாள். படியில் எதிரே வந்தாள், சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பார்க்காமல் போய்விட்டாள். மாடியில் இப்போது வகுப்பு இல்லை. யாரோ வற்றல் காயப்போட்டிருக்கிறார்கள்.

காலையில் பழக்கதோஷத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கொத்தவரங்காய் நறுக்கினேன்.

28 ஜூலை, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் இவரை வாசல்வரை நடக்கக் கூட்டிப்போகிறார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே நான் வாயத் தொறந்திருக்கோணும்மா. ஊட்டு விசயம்னு இருந்துட்டேன்" என்றார். அவருக்கும் ஒரு உறுத்தல் இருந்திருக்கிறது.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. மத்தியானத்துக்குத் தக்காளி சாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், மொச்சைக் குழம்பு. இவருக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனியாகச் செய்தேன். சிந்து வந்திருந்தாள். முன்பு மாதிரி பேசவில்லை, ஆனால் வந்திருந்தாள். நாச்சிமுத்து அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பந்தி பரிமாறும் நேரத்துக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ருக்மணி, கையில் பாயசத் தூக்கு. "அண்ணனைப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். உள்ளே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தேங்காய் சாதத்தை அவளுக்கு மூன்று முறை வைத்துவிட்டேன்.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் பாதி இலையில் கையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். இலையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். நெஞ்சுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனுஷன் இப்போது ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"குணா!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "நெஞ்சுல என்னமோ பண்ணுது. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போ."

அப்புறம் நடந்தது எனக்கு முழுதாக ஞாபகமில்லை. நாச்சிமுத்து அண்ணன் எச்சில் கையோடு காரை எடுத்தார். சிந்து முன்னால் உட்கார்ந்து, வழி விடச் சொல்லித் தெருவெல்லாம் கத்தினாள். ருக்மணியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். எனக்குக் காலில் செருப்பில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் போட்ட சத்தத்தில் ஆபரேஷனுக்கு வந்தவர்களெல்லாம் எழுந்து வழிவிட்டார்களாம். சிந்து பிறகு சொன்னாள்.

ஈசிஜி. ரத்தம். காத்திருப்பு. மறுபடியும் ஈசிஜி. சாயங்காலம் டாக்டரம்மா வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"இருதயத்துல புதுசா ஒண்ணுமில்ல. வாயுதான். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க சார்?"

இவர் கூரையைப் பார்த்தார். "இவ செஞ்ச எல்லாத்தையுமுங்க. அவீங்க இலையிலிருந்தும் கொஞ்சம் மொச்சைக் கொட்டை" என்று நாச்சிமுத்து அண்ணனைக் கை காட்டினார்.

முதலில் சிந்துதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து அழுதாள். நாச்சிமுத்து அண்ணன், நர்ஸ், டாக்டரம்மா எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "இத்தன பேர அலைக்கழிச்சுட்டேன். மானமே போச்சு" என்றார்.

"போகட்டுமுங்க" என்றேன். "தெனமும் போகட்டும்."

வெறுங்காலோடு, அவிழ்ந்த கொண்டையோடு, பட்டுச் சேலை முழுக்க மஞ்சளும் எண்ணெயுமாக அவ்வளவு பேர் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

"ஏனுங் குணாக்கா" என்று பின்னாலிருந்து ருக்மணி குரல். டீச்சர் என்று அவள் சொல்லவில்லை. "மத்தியானத்திலிருந்து புடிச்சுட்டே இருக்கறீங்க. அந்தக் கரண்டியைக் கீழ வையுங்க."

குனிந்து பார்த்தேன். சாதக் கரண்டி என் வலது கையிலேயே இருந்தது. வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. விரலெல்லாம் மடங்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரண்டியை வாங்கிக் கட்டிலில் வைத்தார்.